ஒரு உழக்கு நெய், ஒரு மெழுகுவர்த்தி, எழுபத்து நாலு லக்ஸ்

பி.காம் படிக்கிற யாரையாவது நடுராத்திரி எழுப்பி "ஹாதார்ன்" என்று சொல்லிப் பாருங்கள். "எல்டன் மேயோ, சிகாகோ, வெளிச்சம் முக்கியமில்லை, தொழிலாளியைக் கவனிப்பதுதான் முக்கியம்" என்று ஒப்பித்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான். போன செமஸ்டரில் அதே வரியை ஒரு பக்கத்துக்கு நீட்டி எழுதி, நல்ல மார்க்கும் வாங்கினேன்.

ஆனால் ஒரு சங்கடம். நான் ஓரிக்கைப் பெண். எங்கள் வீட்டில் தறி இருக்கிறது. வெளிச்சம் முக்கியமில்லை என்று பரீட்சையில் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால், அப்பா தறிக்குழியில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு கோர்வை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கோர்வை என்றால் என்ன என்று கேட்கும் வெளியூர் நண்பர்களுக்கு: காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவில் ஓட்டி, சேரும் இடத்தில் ஊடை இழையை ஊடை இழையோடு கோத்து வாங்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும். அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மா. நானும் லீவு நாட்களில் உட்கார்ந்ததுண்டு (திட்டு வாங்கியதும் உண்டு). ஒரு வரிசை கோர்வை விட்டால் அங்கே ஊசி முனை அளவுக்கு இடைவெளி விழும். நாலு வரிசை விட்டால் விரலால் தடவினாலே தெரியும்.

இந்த தை மாதம் அப்படித்தான் விட்டுப்போனது. அரக்கு உடல், பச்சைக் கரை. மூன்று அங்குலத்துக்குக் கோர்வை சரியில்லை என்று சேலையை வாங்குகிற இடத்தில் கூலியில் 1,200 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். "கண்ணு தெரியலன்னா கண்ணாடி மாத்துங்க" என்ற அறிவுரை மட்டும் இலவசம். அப்பா எதுவும் பேசவில்லை. கண்ணாடியை மாற்றினார். புதுக் கண்ணாடியோடும் அதே மாதிரிதான் கண்ணைச் சுருக்கினார்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை. எலெக்ட்ரிகல் படிக்கும் தோழியிடம் கையடக்க லக்ஸ் மீட்டர் ஒன்று இருந்தது. பழைய செல்போன் அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து சுருள் ஒயரில் ஒரு வெள்ளைக் குமிழ். ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கிவந்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு, அப்பா தறியில் உட்கார்ந்திருக்கும்போதே, அச்சு வந்து அடிக்கிற இடத்தில் துணிமேல் குமிழை வைத்தேன். 74.

எழுபத்து நாலு என்றால் அதிகமா, குறைவா? எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை. கிலோ தெரியும், லிட்டர் தெரியும். வெளிச்சத்தை எப்போதிருந்து, எதை வைத்து அளக்கிறார்கள்? அதைத் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

நம்ம ஊரிலிருந்தே ஆரம்பிப்போம். ஓரிக்கை என்ற பேரே ஒரு இருட்டுக் கதை. திருமழிசை ஆழ்வாரும் கணிகண்ணனும் ஊரை விட்டுக் கிளம்ப, திருவெஃகா பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார், காஞ்சி இருண்டுபோனது, அவர்கள் ஒரு இரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை, அதுவே மருவி ஓரிக்கை என்பார்கள். அன்று ராத்திரி காஞ்சியில் எத்தனை லக்ஸ் என்று எழுதிவைக்க யாரும் இல்லை. ஆனால் கோயில் விளக்குக்குக் கணக்கு எழுதியவர்கள் இருந்தார்கள், அதுவும் பிரமாதமான கணக்கு.

நந்தா விளக்கு என்றால் அணையாத விளக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்தால் ஒரு விளக்குக்கு விலை பேசி வைத்திருக்கிறார்கள்: 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. கொடுப்பவர் இதில் ஏதாவது ஒன்றைக் கொடுக்கலாம். ஆக ஒரு எருமைக்கு மூன்று பசு, ஒரு பசுவுக்கு இரண்டு ஆடு என்ற மாற்று விகிதமும் நமக்குச் சும்மா கிடைக்கிறது. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் தினம் ஒரு உழக்கு நெய் அளக்க வேண்டும், அதுவும் ஆடவல்லான் என்ற கோயில் மரக்கால் அளவுப்படி. நாலு உழக்கு ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால் என்று கணக்குப் போட்டால் ஒரு விளக்குக்கு வருஷத்துக்குப் பதினோரு மரக்காலுக்குக் கொஞ்சம் மேலே நெய். காஞ்சிக் கோயில்களின் கல்வெட்டுகளிலும் இதே வகை விளக்குக் கொடைகள் நிறைய உண்டு. ஆட்டின் எண்ணிக்கை மட்டும் இடத்துக்கு இடம் மாறும், பல ஊர்களில் 90.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது "சாவா மூவாப் பேராடு" என்ற சொற்றொடர். சாகாத, கிழடாகாத ஆடு. அப்படி ஒரு ஆடு உலகத்தில் கிடையாது. ஒன்று செத்தால் குட்டியில் ஒன்றைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அர்த்தம். முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவழிக்கிற இந்த ஏற்பாட்டைத்தான் மூலதனப் பராமரிப்பு என்று எங்களுக்கு மூன்றாம் செமஸ்டரில் நடத்தினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆடு மேய்த்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. காஞ்சி நெசவாளர்களும் அப்போது சும்மா இல்லை. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காஞ்சியின் நெசவாளர்களான பட்டசாலிகளிடம் ஊரகத்துப் பெருமாள் கோயிலின் கணக்கு வழக்கைப் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்ததை அது சொல்கிறது. தறிக்காரர்களே ஆடிட்டர்கள்! (அப்பாவிடம் சொன்னேன். "அப்ப நீ சி.ஏ. படி" என்றார். ஆப்பு.)

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு துல்லியமான கணக்கில் வெளிச்சமே இல்லை. ஆடு இருக்கிறது, நெய் இருக்கிறது, உழக்கு இருக்கிறது. அந்த நெய் எரிந்து கருவறையில் எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது கணக்கில் வரவே இல்லை. கோயிலுக்கு அது தேவையும் இல்லை, விளக்கு அணையாமல் இருந்தால் போதும். எங்கள் பாஷையில் சொன்னால், எழுதியிருப்பதெல்லாம் உள்ளீடு, வெளியீடு பூஜ்யம்.

நாம்தான் பழங்காலம், ஐரோப்பாக்காரன் அப்போதே விஞ்ஞானம் என்று நினைக்காதீர்கள். 1860இல் லண்டன் கேஸ் விளக்குகளுக்காக ஒரு சட்டம் போட்டார்கள். கேஸ் கம்பெனி கொடுக்கும் வெளிச்சத்தை எதோடு ஒப்பிடுவது? ஒரு மெழுகுவர்த்தியோடு. எப்படிப்பட்ட மெழுகுவர்த்தி? திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கும் மெழுகில் செய்தது, ஆறு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, மணிக்கு 120 கிரெயின் எரிய வேண்டும். கிட்டத்தட்ட எட்டு கிராம். அதாவது எவ்வளவு எரிகிறது என்பதுதான் அங்கேயும் அளவு! ஆட்டுக்குப் பதில் திமிங்கிலம், உழக்குக்குப் பதில் கிரெயின். அவ்வளவுதான்.

ஆனாலும் அவர்களிடம் நம்மிடம் இல்லாத ஒன்று இருந்தது. ஒப்பிடும் வித்தை. அதைத் தொடங்கிவைத்தவர் பியர் பூகேர் என்ற பிரெஞ்சுக்காரர், 1729இல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில். அவர் சொன்ன அடிப்படை ரொம்ப எளிமை: கண்ணால் வெளிச்சத்தை அளக்கவே முடியாது, ஆனால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வெளிச்சங்கள் சமமா இல்லையா என்று கண்ணால் நன்றாகச் சொல்ல முடியும். ஆகவே ஒரு விளக்கை முன்னும் பின்னும் நகர்த்தி இரண்டையும் சமமாக்கு, தூரத்தை அள, கணக்குப் போடு. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. இந்த ஒரே உபாயத்தை வைத்துக்கொண்டு, நடுவில் மெழுகுவர்த்தியைத் தூதுவராக நிறுத்தி, சூரியன் பௌர்ணமி நிலவைவிட சுமார் மூன்று லட்சம் மடங்கு பிரகாசம் என்று கண்டுபிடித்தார். இன்றைய கணக்கு ஏறக்குறைய நாலு லட்சம். மெழுகுவர்த்தியை வைத்துப் போட்ட கணக்குக்கு இது மோசமே இல்லை.

ஏன் கண்ணால் அளக்க முடியாது? நட்ட நடு வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை விழும். நிலவொளி ஒரு லக்ஸில் கால்வாசி. இரண்டிலும் நாம் தடுக்கி விழாமல் நடந்துபோகிறோம். கண் தன்னைத் தானே சரிசெய்துகொண்டே இருக்கும், நமக்குச் சொல்லாது. அதனால்தான் "எங்க வீட்டுல வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு" என்று எல்லோரும் சொல்கிறோம். அப்பாவும் அதையேதான் சொன்னார்.

அடுத்து வந்தவர் நம் எல்லோருக்கும் லேபில் பழக்கமான புன்சன், அடுப்புக்காரர். 1840களில் அவர் செய்தது ஒரு எண்ணெய்க் கறைக் காகிதம். பஜ்ஜி கட்டித் தந்த பேப்பரை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், எண்ணெய் ஊறிய இடம் பளிச்சென்று தெரியும். விளக்கை உங்கள் பக்கமாகக் கொண்டுவந்தால் அதே இடம் கறுப்பாகத் தெரியும். இரண்டு பக்கமும் வெளிச்சம் சமமானால்? கறை கண்ணுக்கு ஏறக்குறைய மறைந்தே போகும். அந்த இடத்தில் நிறுத்தித் தூரத்தை அளந்தால் வேலை முடிந்தது. இவ்வளவு மலிவான கருவியை அதற்கு முன் யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருக்கிறது, அதுவும் பஜ்ஜி சாப்பிடுகிற நமக்கு.

இதெல்லாம் இருட்டறையில் மேஜை போட்டுச் செய்கிற வேலை. கையில் தூக்கிக்கொண்டு தறி வரைக்கும் போக வேண்டுமென்றால் கண்ணையே விலக்க வேண்டும். அது தற்செயலாக நடந்தது. 1873இல் வில்லோபி ஸ்மித் என்ற தந்திப் பொறியாளர், கடலுக்கடியில் போகும் கேபிளைச் சோதிக்க செலினியக் கம்பிகளை வைத்திருந்தார். அவற்றின் மின்தடை ஒரு நேரம் போல் ஒரு நேரம் இல்லை. பார்த்தால், வெளிச்சம் பட்டால் குறைகிறது, மூடினால் கூடுகிறது. பத்து வருஷம் கழித்து சார்லஸ் ஃப்ரிட்ஸ் என்ற அமெரிக்கர் செலினியத்தின்மேல் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தங்கத் தகட்டைப் போர்த்தி, வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்தார். (தங்கம் பூசுவது எங்களுக்கும் தெரியும், ஜரிகையில். ஆனால் மின்சாரம் வரவில்லை.) 1931இல் அமெரிக்காவின் வெஸ்டன் கம்பெனி இதே வழியில் போட்ரானிக் என்ற செல்லைக் கொண்டுவந்தது, அடுத்த வருஷமே போட்டோக்காரர்களுக்கு கையடக்க ஒளிமானி. பேட்டரி வேண்டாம், விழும் வெளிச்சமே முள்ளை நகர்த்தும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சினிமா ஷூட்டிங்கில் ஒளிப்பதிவாளர் ஒரு வெள்ளைக் குமிழை நடிகரின் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது விழும் வெளிச்சத்தை அளப்பது. கேமராவுக்குள்ளே இருக்கும் மீட்டர் அளப்பது பொருளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை. இரண்டும் வேறு. திரும்பும் வெளிச்சத்தை அளந்தால் ஜரிகைப் புடவை "இங்கே ஏகப்பட்ட வெளிச்சம்" என்று பொய் சொல்லும், அரக்குப் புடவை "இருட்டு" என்று பொய் சொல்லும். லக்ஸ் மீட்டர் முதல் வகை. துணி என்ன நிறம் என்று அதற்குக் கவலையில்லை, அந்த இடத்தில் என்ன வந்து விழுகிறது என்பதுதான் கணக்கு. ஒரு லக்ஸ் என்றால் ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விழும் வெளிச்சம் என்று உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம். உழக்கு நெய்யிலிருந்து இதற்கு வந்து சேர ஆயிரம் வருஷம்: விளக்கில் என்ன எரிகிறது என்பதை விட்டு, வேலை நடக்கிற இடத்துக்கு என்ன வந்து சேர்கிறது என்று கேட்க.

அந்தக் குமிழை எப்படிப் பிடிப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. முதல் நாள் நான் விளக்கைப் பார்த்துச் சாய்த்துப் பிடித்து 130 என்று எழுதினேன். தப்பு. துணி விளக்கைப் பார்த்துச் சாய்ந்தா இருக்கிறது? படுத்திருக்கிறது. துணியோடு துணியாகப் படுக்க வைத்தால்தான் சரியான எண். இரண்டாவது தப்பு, அப்பாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அளந்தது. 118 வந்தது. அவர் உட்கார்ந்ததும் 74. மிச்சம் 44 அவர் தலை நிழலில் போய்விட்டது. ஆள் இல்லாத தறிக்கு யாருக்கு வேண்டும் வெளிச்சம்? மூன்றாவது, ஒரே இடத்தில் அளந்துவிட்டு ஓடக்கூடாது. இரண்டு கரையிலும் நடுவிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பகலில் ஒரு மேகம் போனால் எண் தலைகீழாகும், அதனால் நேரத்தையும் எழுத வேண்டும். மனிதக் கண்ணுக்குப் பச்சை அதிகம் தெரியும், சிவப்பும் நீலமும் குறைவு. சென்சாரும் அப்படியே பார்க்க அதன்மேல் ஒரு வடிகட்டி இருக்கும். மலிவு மீட்டர்களில் அது சரியாக இருக்காது, எல்.இ.டி. விளக்கில் கொஞ்சம் தப்பும். போனில் இருக்கும் ஆப் இன்னும் மோசம். நான் இரண்டையும் வைத்துப் பார்த்தேன், போன் 74க்கு 51 என்றது. நம் நாட்டில் எல்லா ஒளி அளவுக்கும் தாய் அளவு டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கிருந்து என் தோழியின் மீட்டர் எத்தனை கை மாறி வந்ததோ!

சரி, 74 அதிகமா குறைவா? பன்னாட்டு ஒளியியல் ஆணையம் 2001இல் வெளியிட்ட தரத்தில் ஜவுளிக்கென்று தனி அட்டவணை இருக்கிறது. நெசவுக்கு 500 லக்ஸ். நிறம் பார்த்துத் துணியைச் சோதிக்க 1000. கிழிசல் தெரியாமல் தைக்க 1500. எங்கள் வீட்டில் 74. நம் நாட்டுச் சட்டமும் பேசியிருக்கிறது: 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு போதுமான வெளிச்சம் வேண்டும், கண் கூசக்கூடாது, கண்ணுக்கு அசதி தருகிற நிழல் விழக்கூடாது என்று சொன்னது. அருமை. ஆனால் அந்தச் சட்டத்தில் தொழிற்சாலை என்றால் மின்சக்தியோடு பத்துப் பேர், இல்லாமல் இருபது பேர். அப்பாவும் அம்மாவும் சேர்த்து இரண்டு பேர். எங்கள் வீட்டு நிழல் சட்டத்துக்கு வெளியே விழுந்த நிழல்.

இப்போது ஹாதார்னுக்கு வருகிறேன், அதுதான் மனசில் குத்திக்கொண்டே இருந்தது. 1924 முதல் 1927 வரை சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது என்பது பாடப்புத்தகம். எல்டன் மேயோ அந்த ஆலைக்குள் கால் வைத்ததே 1928இல்தான், வெளிச்சச் சோதனை எல்லாம் முடிந்த பிறகு! அந்த மூல விவரங்கள் தொலைந்துவிட்டன என்றே ரொம்ப நாள் நம்பினார்கள். பிறகு லெவிட், லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அவற்றைத் தேடி எடுத்து, மறுபடி கணக்குப் போட்டு 2011இல் வெளியிட்டார்கள். வெளிச்சத்தை மாற்றியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். திங்கள்கிழமை உற்பத்தி சனிக்கிழமையைவிடக் கூடியது உண்மைதான். ஆனால் எதையுமே மாற்றாத வாரங்களிலும் திங்கள்கிழமை கூடத்தான் செய்தது! நான் எழுதிய அந்த ஒரு பக்கத்துக்கு இதுதான் கதி.

இன்னொன்று. நிலவொளி அளவுக்கு, 0.06 ஃபுட் கேண்டில், நம் கணக்கில் ஒரு லக்ஸுக்கும் குறைவு, அந்த அளவுக்குக் குறைத்தும் இரண்டு பெண்கள் வேலை செய்தார்கள் என்பதும் அந்த ஆலையின் புகழ்பெற்ற கதை. அவர்கள் செய்தது கம்பிச் சுருள் சுற்றும் வேலை. கை பழகிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டே சுற்றலாம். அரக்கில் பச்சையைக் கோத்து வாங்குவதை நிலவொளியில் செய்யச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

பட்டு நெசவிலேயே செய்த ஆய்வு ஒன்றும் இருக்கிறது, எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. 1920இல் பிரிட்டனில் தொழில் களைப்பு ஆராய்ச்சி வாரியம் வெளியிட்ட ஒன்பதாவது அறிக்கை, குளிர்கால மாதங்களில் பட்டு நெசவின் உற்பத்தி பற்றியது. பகல் வெளிச்சம் போய் விளக்கு ஏற்றும் நேரங்களில் உற்பத்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்தது என்று கண்டார்கள். எழுதியவர் பெயர் பி. எம். எல்டன். ஆக, எல்டன் சொன்னதைத்தான் படித்தோம், எல்டன் சொன்னதைத்தான் விட்டுவிட்டோம் :-) இரண்டு வருஷம் கழித்து மெல்லிய லினன் நெசவிலும் இதே போக்கைக் கண்டவர் பெயர் வெஸ்டன். மீட்டர் கம்பெனி வெஸ்டனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, எனக்கு மட்டும்தான் தலை சுற்றியது.

செலவுக் கணக்கும் போட்டுவிடலாம், படிப்பதே அதற்குத்தானே. எங்கள் தறிக்கு மேலே ஒரு 20 வாட் எல்.இ.டி. பட்டி. தினம் ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 6 யூனிட். கைத்தறி நெசவாளர்களுக்கு அரசு இரண்டு மாதத்துக்கு 2006இல் 100 யூனிட் இலவசம் என்று ஆரம்பித்து, பிறகு 200, 2023இல் 300 ஆக்கியது. நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், இதுவும் உழக்கு நெய்க் கணக்குதான். எரிப்பதற்குக் கொடுத்தாயிற்று. அது கோர்வை மேல் விழுகிறதா, அப்பாவின் முதுகில் விழுகிறதா?

முதுகில்தான் விழுந்துகொண்டிருந்தது. பட்டி இருந்தது அவர் பின்னால் சுவரில், உத்தரத்துக்குக் கீழே. வீட்டுக்கு ஒயரிங் செய்தபோது தறி இருந்த இடம் வேறு. தறி நகர்ந்தது, விளக்கு நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை (ஹாதார்ன் மாதிரியே!) அதைக் கழற்றி, தறிக்கு மேலே, அப்பாவின் முகத்துக்குக் கொஞ்சம் முன்னால், இடது பக்கமாக, கயிற்றில் தொங்கவிட்டோம். 238. அதே விளக்கு, அதே 6 யூனிட். "கண்ணு கூசுது" என்றார் அம்மா. பழைய காலண்டர் அட்டையை வெட்டி முன்பக்கம் மறைப்புக் கட்டினேன். 231. வலது பக்கம் இன்னொரு பட்டி, 260 ரூபாய், போட்டதும் 415. ஐந்நூறு வரவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தால் இன்னும் கொஞ்சம் ஏறும், பொங்கல் வரை பொறுக்க வேண்டும். அரக்கு மட்டும் இன்னும் விளக்கில் ஒரு நிறம், வாசலில் ஒரு நிறமாகத்தான் தெரிகிறது. வெளிச்சம் எவ்வளவு என்பதைத்தான் மீட்டர் சொல்லும், எப்படிப்பட்ட வெளிச்சம் என்பது அதற்குத் தெரியாது.

அப்பா ஒரு மணி நேரம் நெய்துவிட்டு எழுந்தார். நன்றாக இருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. "ஏம்மா, அந்த டப்பாவ எப்பத் திருப்பித் தரணும்?" என்று கேட்டார். திங்கள்கிழமை என்றேன். "நாளைக்குக் காலேஜுக்குப் போறதுக்கு முன்னாடி பெரியப்பா வீட்டுக்கு ஒரு தடவ போயிட்டு வந்துடு."

பெரியப்பாவுக்கு வயது அறுபத்தைந்து. அவர் தறி பின்கட்டில், ஜன்னல் கிடையாது. காலை ஏழே கால், விளக்கு போட்டு, அவர் உட்கார்ந்த பிறகு: 41.